எச்சில் சொன்ன குணம்

அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவள் கணவருக்கு. பத்தொன்பது வருஷமாக வெளிச்சம் எட்டாத மூலையில் உட்கார்ந்து, அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்தார். முதலாளி இருமினாலே எழுந்து நிற்கிற மனுஷன். அவளுடைய அண்ணன் நேர்மாறு. மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டால் பிரேக் என்று ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் வராது.

அண்ணன்தான் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இரண்டு ஜீன் சோதனைப் பெட்டிகளோடு வந்தார். "துப்புங்க மாப்பிள்ளை! நம்ம வண்டவாளம் என்னன்னு பார்த்துடுவோம்." இருவரும் குழாயில் துப்பினார்கள். பால் பொங்குகிற அவசரத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டி அனுப்பியவள் அவள்.

ஒன்றரை மாதத்தில் அறிக்கைகள் வந்தன. கணவருடையதில் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்து: 'துணிச்சல்காரர். உங்கள் மூதாதையர் குகையைவிட்டு முதலில் வெளியேறியவர்களாக இருக்கலாம்.' அண்ணனுடையதில்: 'எச்சரிக்கை மிகுந்தவர். பதுங்கிப் பிழைத்தவர்களின் வழி.'

அன்று கணவர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார்.

"என்னங்க, மீசையில என்ன தேடுறீங்க?"

"சிங்கத்தைத் துரத்தின ரத்தம்டி இது."

"நேத்து கரப்பான்பூச்சியைப் பார்த்துக் கட்டில்மேல ஏறினீங்களே?"

"அது பழக்கதோஷம்."

திங்கட்கிழமை அவரே மேஜையை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். முதலாளி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம். இதை வீட்டில் நாலு தடவை சொன்னார். அப்புறம் நீச்சல் குளத்தில் சேர்ந்தார். நண்டும் சிண்டுமான பிள்ளைகள் நடுவே மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆரம்பித்தவர், இரண்டு மாதத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்தார்.

அண்ணனோ வண்டியை விற்றுவிட்டார். ஆறு மணிக்கு வீடு. அண்ணிக்கு முதலில் தலைகால் புரியாத சந்தோஷம். மூன்றாவது வாரம் போனில் புலம்பினாள்: "கேஸ் சிலிண்டரை மூடியாச்சான்னு நாலு தடவை எழுந்து பார்க்கிறார். பைத்தியம் பிடிச்சிடும் போலிருக்கு எனக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியை ஒழித்தபோது கணவரின் அறிக்கை கையில் சிக்கியது. சும்மா கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். 'சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு.'

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். வண்ணப்புள்ளி அட்டையை வைத்து அண்ணனை அவளே சோதித்து இந்தக் குறையைக் கண்டுபிடித்திருக்கிறாள். அண்ணன்தான் ஒரு காலில் பச்சை, மறுகாலில் சிவப்பு என்று காலுறை போடுகிற ஆள். அன்றைக்குப் பால் பொங்கின அவசரம்! சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறாள்! ஊரார் பிழையெல்லாம் பார்க்கிற மனுஷர் தன் அறிக்கையில் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

மூன்று நாள் மென்று முழுங்கினாள். நாலாம் நாள், மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே அண்ணன் குடையும் கையுமாகச் சுவரோரம் ஒண்டி நடந்துபோவதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுப் போட்டு உடைத்தாள்.

அண்ணன் துள்ளி எழுந்தார். "அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லையா?"

"இத்தனை நாள் சும்மாதான் பயந்திருக்கீங்க," என்றாள் அண்ணி. அதைக் கேட்க அவர் அங்கே இல்லை. வண்டியை வாங்கியவனைத் தேடிப் போய்விட்டார்.

கணவர் முகம் பேயறைந்தமாதிரி ஆனது. "அப்ப நான் புதருக்குள்ள பதுங்கின வம்சமா?"

"பதுங்கினவங்கதாங்க உயிரோட இருந்து பிள்ளை பெத்தாங்க. துரத்தினவங்கள்ல பாதிப்பேர் சிங்கத்து வயித்துல போயிருப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேஜை?"

"அங்கேயேதான் இருக்கு. யார் திரும்ப இழுக்கிறது?"

ஞாயிறன்று அவளையும் குளத்துக்குக் கூட்டிப்போனார். உயரப் பலகையில் ஏறி, கம்பியைப் பிடித்தபடி பத்து நிமிஷம் நடுங்கினார். பின்னால் வரிசையில் நின்ற குட்டிப்பெண் பொறுமையிழந்தாள். "அங்கிள், குதிங்க, இல்லன்னா வழிவிடுங்க!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு குதித்தார். தொப்பை தண்ணீரில் அறைந்த சத்தம் குளம் முழுக்கக் கேட்டது.

வீட்டில் களிம்பு தடவிக்கொண்டே கேட்டாள். "வலிக்குதா?"

"உயிர் போகுது," என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய. "அந்தப் பொண்ணு கைதட்டினாளே, கவனிச்சியா?"