பின்னட்டைப் படம்

பதிப்பாளர் மேசைமேல் வைத்த பின்னட்டையில் இருந்தது யாரோ நடிகை என்றுதான் எழுத்தாளர் நினைத்தார். பிறகுதான் மூக்குக்கண்ணாடி தன்னுடையது என்று தெரிந்தது. அதற்குப் பின்னாலிருந்த முகம் இரண்டு சுற்று இளைத்து, மாவு பூசினாற்போல் வெளுத்திருந்தது. கழுத்துச் சதையைக் காணோம்.

பெண்கள் கல்லூரியில் வெகுகாலமாக உடலைப் பற்றிப் பாடம் எடுப்பவர் அவர். மாதவிலக்கு, ஆசை, கருத்தடை என்று எதையும் மென்று விழுங்காமல் பேசுவார். நம் உடம்பைப் பார்த்து நாமே கூசக்கூடாது என்பார். அந்த வகுப்புகள்தான் இப்போது புத்தகமாகின்றன.

"லேசா டச் பண்ணோம் மேடம். கடைக்கு வர்றவங்க கையில எடுத்துப் பாக்கணும்ல?" என்று இளித்தார் பதிப்பாளர். அவருடைய சட்டைப் பொத்தான்கள் தொந்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துச் சிரித்தால் தன் பாடத்துக்கே விரோதம் என்று எழுத்தாளர் அடக்கிக்கொண்டார்.

அட்டையோடு இருந்த அச்சுத் தாள்களைப் புரட்டினார்.

"ஆசையைப் பத்தின அத்தியாயம் எங்க?"

"எடுத்துட்டோம் மேடம். குடும்பத்துல வெச்சுப் படிக்க முடியாதே."

"குடும்பம் எப்படி உண்டாச்சுன்னு நினைக்கிறீங்க?"

பதிப்பாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

வீட்டில் கணவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? வயசே தெரியல."

அவருக்குப் பதில் சொல்வது வீண். எழுத்தாளர் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடியில் தன் முகத்துக்குப் பக்கத்தில் படத்தைப் பிடித்தார். கை தானாகவே தாடைக்கடியில் போய்ச் சதையைப் பின்னால் இழுத்தது. நன்றாகத்தான் இருந்தது. அப்படித் தோன்றியதும் அவருக்குத் தன்மீது வந்த அருவருப்பில், பதிப்பாளர்கூடக் கொஞ்சம் தேவலையாகத் தெரிந்தார்.

காலையில் பதிப்பாளருக்குப் போன் போட்டார்.

"புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"அட்டை ரெடியாயிடுச்சே மேடம்!"

"அட்டையில இருக்கறவங்களையே எழுதச் சொல்லுங்க."

அன்று வகுப்பில் படத்தைக் காட்டி, "யார் இது?" என்றார்.

"உங்க தங்கச்சியா மேம்?" வகுப்பே சிரித்தது. குளியலறையில் நடந்ததை அவர் ஒளிக்காமல் சொன்னதும் சிரிப்பு அடங்கியது. எப்போதும் வயிற்றை மறைத்துப் பையை மடியில் அணைத்து உட்காரும் மாணவி கேட்டாள்.

"நீங்களுமா மேம்?"

"நானும்தான். இவ்வளவு படிச்சு, இவ்வளவு பேசியும்."

காதலனோடு நடக்கும்போதெல்லாம் வயிறு தெரியாமலிருக்க மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வதாக அந்த மாணவி சொன்னாள். இன்னொருத்தி விளக்கை அணைக்காமல் உடை மாற்றியதே இல்லை என்றாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு சிறிய பதிப்பகம் எதையும் வெட்டாமல் புத்தகத்தை வெளியிட்டது. எழுத்தாளரின் நாத்தனார் அதைப் படித்துவிட்டு, "குடும்பப் பொம்பள எழுதற விஷயமா இது?" என்று முகம் சுளித்தாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணி, எங்க ஆபீஸ்ல ஒருத்தி கேட்டா. இன்னொண்ணு இருக்கா?" என்றாள்.