மூன்று ஞாயிறு வாசித்தார்கள்

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்துக்கு டைம்டேபிள் போட்டவன் நான். கணக்கு வாத்தியார் என்பது பெயருக்குத்தான். ஜூன் மாதம் பிறந்தால் தலைமையாசிரியர் முதல் பியூன் வரை எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். யாருக்கு எந்த வகுப்பு, யாருக்கு எப்போது ஓய்வு என்பதை ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே சார்ட்டில் அடக்கிவிடுவேன். ரிட்டையர் ஆன பிறகும் அந்தத் திமிர் போகவில்லை. 2020 செப்டம்பரில் கொட்டிவாக்கம் ஃபிளாட்டில் சாமான் வந்து இறங்கிய மறுநாள், அட்டைப்பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு டைம்டேபிள் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

என் மனைவி ஃப்ளோரா அதை மேலிருந்து கீழே வரை படித்தாள். "முதல் சனிக்கிழமை எங்க?" என்று கேட்டாள்.

"கடைசி வரியைப் பாரு."

'முதல் சனி, காலை 7 மணி - ஆஸ்வின்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எந்தப் பெட்டியில் குக்கர் இருக்கிறது என்று தேடப் போனாள்.

ஆஸ்வின் எங்கள் ஒரே பிள்ளை. 2004இல், ஒன்பது வயதில், மூளைக்காய்ச்சல் வந்து நான்கே நாளில் போய்விட்டான். மயிலாப்பூரில் எங்கள் கோயில் பங்குக்கு உரிய கல்லறைத் தோட்டத்தில், பதினோராவது வரிசையில் அவனை வைத்தோம். பழைய வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். பதினாறு வருடம் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஃப்ளோரா ஒரு பாட்டில் தண்ணீரும் கை விளக்குமாறும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லைக் கழுவிவிட்டு வருவாள். தனக்கும் அங்கேதான் இடம் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அந்தத் தோட்டத்தில் ஒரே குழியைத் திறந்து குடும்பத்து ஆட்களை ஒருவர்மேல் ஒருவராக வைப்பது வழக்கம். "நான் போனா அவனோடதான் வைக்கணும், வேற எங்கேயும் வெச்சிடாதீங்க" என்பாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

வீடு மாறியது எங்கள் ஆசையில் இல்லை. வீட்டுக்கார மாமி மாஸ்க்கோடு வாசலில் நின்று சொன்னாள்: "சார், நீங்க தப்பா நெனச்சுக்கப்படாது. எம்பிள்ளை சுஹாஸுக்கு அமெரிக்காவுல வேலை போயிடுத்து. குழந்தைகளோட வந்துண்டிருக்கான். எங்காத்துல ரெண்டே ரூம், உங்களுக்கே தெரியும்." இருபத்தெட்டு வருடம் இருந்த வீட்டை ஒரு மாதத்தில் காலி செய்தோம். கொரோனா காலத்தில் எவன் வீட்டைத் திறந்து காட்டுவான்? கொட்டிவாக்கம் ஃபிளாட்டை வீடியோ காலில்தான் பார்த்தோம். புரோக்கர் சமையலறையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, "அங்கேருந்து ஆஸ்வினுக்கு எவ்வளவு தூரம்?" என்று மட்டும் ஃப்ளோரா கேட்டாள்.

"பஸ் ஏறினா அரை மணி" என்றேன். "ஒரு மாசம்கூடத் தப்பாது. நான் பொறுப்பு."

கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் முறைப்படி முடித்தேன். கேஸ் மாற்றினேன், ரேஷன் கார்டில் முகவரி மாற்றினேன், லேண்ட்லைனை ஒப்படைத்தேன். பங்கு அலுவலகத்துக்குப் போய் எங்கள் குடும்பத்தின் பெயரை எடுத்து, புதுப் பங்குக்கு மாற்றுக் கடிதமும் கேட்டேன். "என்ன அவசரம் லியோனார்ட் சார், இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டுமே" என்றார் ஃபாதர். "ஒரு குடும்பத்துக்கு ஒரு பங்குதானே ஃபாதர்" என்று நான் அவருக்குப் பாடம் எடுத்தேன்.

புது வீட்டில் உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பி ஒரே மாதத்தில் துருப்பிடித்தது. கடல் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். எதிர் ஃபிளாட்டு அம்மாவின் முழு முகத்தை நாங்கள் பார்த்தது எட்டு மாதம் கழித்து. அதுவரை மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்தான். பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவோம். மாலையில் மொட்டை மாடியில் நாற்பது சுற்று. யாருடனும் ஒரு வார்த்தை கிடையாது. ஜெயிலில்கூட ஆளோடு ஆள் பேசுவார்கள் என்று ஃப்ளோரா ஒரு நாள் சொன்னாள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை எங்கள் பிளாக்கில் இரண்டு பேருக்குப் பாசிட்டிவ். ஃப்ளோராவுக்குச் சர்க்கரை வேறு. "அடுத்த மாசம் போகலாம்" என்று சொல்லி, சார்ட்டில் அந்தத் தேதிக்கு எதிரே 'ஒத்திவைப்பு' என்று எழுதினேன். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குக் கூட்டம் கூடக்கூடாது என்று தோட்டத்தையே பூட்டிவிட்டார்கள். டிசம்பரில் புயல் மழை. ஜனவரியில் எனக்குச் சளி. பிப்ரவரியில், இன்னும் கொஞ்ச நாளில் தடுப்பூசி வந்துவிடும், போட்டுக்கொண்ட பிறகே போகலாம் என்றேன். ஒவ்வொரு தடவையும் ஃப்ளோரா அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்ப்பாள். பாலை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் கதவைச் சாத்துவாள்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் புதுப் பங்கின் பூசை. டி.வி. முன்னால் பாய் விரித்து முழங்கால் போடுவோம். அந்தச் சாமியாரை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. ஏழு மணிக்கெல்லாம் ஃப்ளோரா மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அங்கே அவள் ஃபோனில் பழைய கோயிலின் பூசை ஓடும். இந்தப் பக்கம் இன்னும் நற்கருணையே முடிந்திருக்காது, அந்தப் பக்கம் அரைச் சத்தத்தில் பழக்கமான கீபோர்டு. என் டைம்டேபிளில் இரண்டு வகுப்பு ஒரே நேரத்தில் இடித்தால் எனக்கு எப்படி இருக்கும்? எரிச்சலாக இருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எரிச்சல்தான்.

சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் சொன்னேன். "தவக்காலத்துக்கு நாம கறி மீன் விடறோம். இந்தத் தடவை நீ அந்த ஃபோன் பூசையை விட்டுப் பாரேன். ஒரு நாளைக்கு ரெண்டு பூசை எதுக்கு? நம்ம பேரே அங்க இல்ல."

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "அதுலதாங்க எனக்குத் தெரிஞ்ச முகம் நாலு வருது."

"அதனாலதான் அது ஒறுத்தல். பிடிக்காததை விட்டா அதுக்குப் பேர் ஒறுத்தலா?"

"நாப்பது நாள்தானே?"

"நாப்பதே நாள்."

விட்டாள். சொன்ன சொல்லில் நிற்கிறவள். ஏழு மணிக்கும் என் பக்கத்திலேயே பாயில் இருந்தாள். என் சார்ட் இடிக்காமல் ஓடியது, எனக்கு அவ்வளவு திருப்தி. ஈஸ்டர் வந்த பிறகும் அவள் அதைத் திறக்கவில்லை. "பாத்தா போகணும்னு தோணுது, போகவும் முடியல" என்று விட்டுவிட்டாள். பிறகு இரண்டாவது அலை. ஆம்புலன்ஸ் சத்தத்தை எண்ணிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தோம்.

2021 நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது. தூறலில் ஆட்டோ பிடித்துப் போனோம். ஃப்ளோரா வெள்ளைச் சாமந்தி இரண்டு முழமும் ஒரு கட்டு மெழுகுவத்தியும் வாங்கினாள். பழைய விளக்குமாற்றை மறக்காமல் கொண்டுவந்திருந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், பதினான்கு மாதத்துப் பேச்சு. "பாசி புடிச்சிருக்கும் பாருங்க, உங்களால முட்டி போட்டுத் தேய்க்க முடியாது, நானே பாத்துக்கறேன்" என்றாள்.

கேட்டில் வெள்ளைத்துரை நின்றிருந்தார். இருபது வருடமாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். எங்களைக் கண்டதும் அவர் சிரிக்கவில்லை.

"இன்னா சார், இத்தினி நாளா எங்க போய்ட்டீங்க?" என்றார். ஃப்ளோரா அதற்குள் உள்ளே போய்விட்டாள். "மேடம், நில்லுங்க மேடம். அங்க இல்ல" என்று பின்னாலேயே ஓடினார்.

பதினோராவது வரிசையில், சின்னக் கல் இருந்த இடத்தில், பெரிய ஆள் அளவுக்கு மண் மேடு. மரச் சிலுவையில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பெயர். ஜாஸ்பர், வயது 36, 19-5-2021.

வரிசையை மாற்றிப் பார்க்கிறோமோ என்று நான் முதலில் இருந்து எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். பதினொன்றுதான்.

"எடம் பத்தல சார்" என்றார் வெள்ளைத்துரை. "பதினஞ்சு வர்சம் தாண்டினதெல்லாம் லிஸ்ட் எடுத்தாங்க. வெச்சிக்கிறவங்க ஈஸ்டருக்குள்ள வந்து பேர் குடுங்கன்னு மூணு ஞாயித்துக்கெயம கோயில்ல படிச்சாங்க. இந்த கேட்லயும் எய்தி ஒட்டினாங்க. உங்க வூட்டுக்கு போன் போட்டாங்களாம், அப்டி ஒரு நம்பரே இல்லன்ட்டு வந்துச்சாம். நான்கூட ஃபாதராண்ட சொன்னேன், மேடம் மாசாமாசம் வர்றவங்க, வருவாங்கன்னு. வர்லியே சார்."

மூன்று ஞாயிறு. ஈஸ்டருக்கு முன்னால் என்றால் மார்ச் மாதம். நான் கணக்கு வாத்தியார், விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. தவக்காலம்.

ஃப்ளோரா என் பக்கம் திரும்பவே இல்லை. வெள்ளைத்துரையிடம் கேட்டாள். "உள்ள என்ன இருந்துச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். "சின்னப் புள்ள மேடம். பெருசா ஒண்ணும் இல்ல. இருந்தத துணில சுத்தி, பொதுக் குழில ஃபாதர் மந்திரிச்சு வச்சாரு."

"என்ன துணி?"

"வெள்ளத் துணி மேடம்."

"சுத்தமா இருந்துச்சா?"

"புதுத் துணி மேடம். நானே வாங்கியாந்தேன்."

பொதுக் குழி எது என்று கேட்டேன். சுவரோரம் ஒரு சிமென்ட் மூடியைக் காட்டினார். அதன்மேல் யாரோ கைப்பையை வைத்துவிட்டுக் குடை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளோரா அந்தப் பக்கம் போகவில்லை. மண் மேட்டின் முன்னாலேயே நின்றாள்.

ஒரு சின்ன வயதுப் பெண் ஐந்து வயதுக் குழந்தையோடு வந்தாள். எங்கள் கையில் பூவைப் பார்த்துவிட்டு, "நீங்க அவர்கூட வேலை பாத்தவங்களா?" என்று கேட்டாள். "அடக்கத்துக்கு எங்களையே விடல. இப்பதான் முதல் தடவையா வரோம்." குழந்தை சிலுவையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது. இந்த இடம் எங்களுடையது என்று யாரிடம் போய்ச் சொல்ல? "பக்கத்துல ஒருத்தரைப் பாக்க வந்தோம்மா" என்று பொய் சொன்னேன். ஃப்ளோரா நகர்ந்து வழி விட்டாள்.

திரும்பி வரும்போது பூவும் மெழுகுவத்தியும் அவள் மடியில் இருந்தன. திருவான்மியூர் தாண்டினோம். பிறகு, "அப்ப என்னை எங்க வைப்பாங்க?" என்று கேட்டாள். என்னைக் கேட்டாளா, ஆட்டோக்காரரைக் கேட்டாளா என்றே தெரியாத குரல்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். டைம்டேபிள்படி காலை காபி, பதினொரு மணிக்கு மாத்திரை, மாலை மாடி. எல்லாம் நேரத்துக்கு நடந்தது. சாமந்தியை ஃபிரிட்ஜில் வைத்தாள். அது பழுத்து, கறுத்து, தண்ணீர் விட்டது. இரண்டு பேரும் அதைத் தூக்கிப் போடவில்லை. கதவுக்கு வெளிப்பக்கம் என் சிவப்பு எழுத்து, உள்பக்கம் அந்தப் பூ. கதவைத் திறக்கும்போதெல்லாம் நான்தான் செய்தேன், நான்தான் செய்தேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒரு மதியம் அவள் படுத்திருந்தபோது, பழைய கோயிலின் யூடியூப் பக்கத்தைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். அப்படியே இருந்தது. 2021 மார்ச் ஏழு, காலை ஏழு மணித் திருப்பலி. நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் நாங்கள் இல்லை. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் உபதேசியார் மைக் முன்னால் வந்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, தாளைப் பிரித்து வாசிக்கிறார். ஒரு பெயர், ஒரு வரிசை எண், ஒரு சின்ன இடைவெளி. அடுத்த பெயர். வகுப்பில் நான் வருகை எடுப்பது போலவேதான்.

"ஆஸ்வின் லியோனார்ட். வரிசை பதினொன்று."

இடைவெளி. அதற்குள் யார் பதில் சொல்வார்கள்? பதில் வராத பெயருக்கு எதிரே என்ன எழுதுவோம் என்று எனக்குத் தெரியாதா.

நிமிர்ந்தபோது ஃப்ளோரா கதவருகில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. என் கையிலிருந்து ஃபோனை வாங்கவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றாள். போட்டேன். "இன்னொரு தடவை."

அந்த வார ஞாயிறு காலை ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். சார்ட்டில் புதுப் பங்கின் ஆறரை மணியைப் பென்சிலால் அடித்துவிட்டு, '7 மணி' என்று அவள் கையெழுத்தில் இருந்தது. என் டைம்டேபிளில் இன்னொருவர் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

இப்போது அதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. குளித்து, சேலை மாற்றி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பாயில் உட்கார்வாள். நான் அந்தப் பழைய பூசையைப் போடுவேன், வேறு எந்த ஞாயிற்றுடையதும் இல்லை, அதேதான். வாசகம், பிரசங்கம், நற்கருணை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வருவாள். உபதேசியார் மைக் முன்னால் வந்து தாளைப் பிரிக்கும்போது எழுந்து நிற்பாள்.

"ஆஸ்வின் லியோனார்ட். வரிசை பதினொன்று."

"இருக்கோம்" என்பாள் ஃப்ளோரா.

அதற்குள் உபதேசியார் அடுத்த பெயருக்குப் போயிருப்பார்.