கர்னலின் மகள்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு டெய்லர் கடைக்கு மேலே யசோதரா ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். சர்ச் பாடகர் குழுக்கள், விளம்பரக் குரல்கள், எப்போதாவது ஒரு கன்னட சீரியலின் டைட்டில் பாட்டு என்று பிழைப்பு ஓடுகிறது. ஸ்டுடியோவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அவளும் அப்பா கோவிந்தராஜனும் அங்கே இருக்கிறார்கள். அவளுக்கு நாற்பத்தாறு, அவருக்கு எழுபத்தேழு.

அங்கே பாட வருகிற பிள்ளைகளுக்கு அவள்தான் பழைய பாப் பாடகி டாரா என்று தெரியாது. 2001-இல் தெரியாதவர்கள் குறைவு. ஆங்கிலமும் இந்தியும் கலந்த ஏழு பாட்டு. அந்த வருடம் காலேஜ் விழாவிலும் ஆட்டோவிலும் அதுதான் ஓடியது. யசோதராவை டாராவாக வெட்டியது கேசட் கம்பெனி. போஸ்டரில் அவள் கறுப்பைப் பாதியாகக் குறைத்ததும் அவர்கள்தான்.

ஆல்பம் வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது என்று பாட்காஸ்ட் நடத்தும் வீணா தேடிக்கொண்டு வந்தாள். ஈரோட்டுப் பெண். ஹாலில் மைக்கைப் பொருத்தி, ஒரு மணி நேரம் மரியாதையாகவே கேள்வி கேட்டாள். முதல் மேடை, கூட்டத்தில் துப்பட்டா கிழிந்தது, இரண்டாவது ஆல்பம் விற்காமல் போனது. யசோதரா சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள்.

"அக்கா, உங்க அப்பா ஆர்மில கர்னல். பார்டர்ல இறந்துட்டாருன்னு அப்ப ஒரு டிவி பேட்டில சொல்லியிருந்தீங்க. அவர் இருந்து இதெல்லாம் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

பக்கத்து அறையில் செருப்புச் சத்தம் கேட்டது. யசோதரா அந்தப் பக்கம் பார்த்தாள். எப்போதும் சொல்கிற பதில் ஒன்று அவளிடம் இருந்தது. அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"அவரு உள்ளதான் இருக்காரு" என்றாள்.

வீணாவுக்குப் புரியவில்லை.

"கர்னலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்டோன்மென்ட்ல ஒரு கிளப்ல வெயிட்டர். எங்க வீடு மர்பி டவுன், ஏழைங்க இருக்கிற ஏரியா. கம்பெனில பப்ளிசிட்டி பாக்குற ஷ்ரேயாஸ், வெயிட்டர் பொண்ணுன்னா எவன் வாங்குவான்னு கேட்டான். அவன் ஒரு கதை எழுதிக் கொடுத்தான். நான் சொன்னேன். கட்டாயப்படுத்தினாங்கன்னு சொல்ல மாட்டேன். கர்னல் பொண்ணுன்னு சொல்லிக்க எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு."

பிறகு மற்றதையும் சொன்னாள். அந்தப் பேட்டியை அப்பா தெருவில் பத்துப் பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். இரண்டு மாதம் கழித்து அதே கிளப்பில் அவளுக்குப் பாராட்டு. ஜூஸ் தட்டோடு அவளிடம் வந்தவர் அவர்தான். வெள்ளை யூனிஃபார்ம், தலைப்பாகை. "மேடம், ஜூஸ்" என்றார். அவள் எடுத்துக்கொண்டு "தேங்க்ஸ்" என்றாள். அவர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

"அம்மா அப்பவே இல்ல. மூணு வருஷத்துல கம்பெனி கழட்டி விட்டப்ப, போறதுக்கு மர்பி டவுன விட்டா வேற இடம் இல்ல. கதவைத் திறந்தாரு. பெட்டிய வாங்கி உள்ள வெச்சாரு. இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அதனாலயே, பொய் சொன்ன அந்தப் பொண்ண கண்ணாடில பார்க்க எனக்குப் பிடிக்காது."

வீணா ரெக்கார்டரை நிறுத்தினாள். "அக்கா, இந்த இடத்தை எடுத்துடட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

வீணா போனதும் கோவிந்தராஜன் வெளியே வந்தார். அந்த வீட்டுக் கதவுகள் மெலிசு. எல்லாம் கேட்டிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"இத்தினி வருசமா இதையா மனசுல வெச்சினு இருந்தே?"

"பின்ன, நைனா? நீங்க எனக்காக வாய மூடிக்கினீங்க. நான்..."

"உனக்காகன்னு யாரு சொன்னது?"

அவள் நிமிர்ந்தாள்.

"கிளப்புல அன்னிக்கு நீ போட்டிருந்த டிரெஸ்ஸு ஞாபகம் இருக்குதா? முட்டிக்கு மேல. வெயிட்டருங்களுக்கு மேல இருக்கிற கேப்டன் என்னாண்ட வந்து, 'கோவிந்தா, அந்தப் பொண்ணு உங்க ஏரியாவாமே, தெரியுமா?'ன்னு கேட்டான். எனக்குத் தெரியாது சார்னு சொல்லிட்டேன். வெக்கமா பூட்ச்சி. நாலு பேரு உன்னப் பத்தி என்னென்னவோ பேசினு இருந்தானுங்க. அவனுங்க முன்னாடி என் பொண்ணுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல."

யசோதராவுக்கு முதலில் வலித்தது. அவளுக்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்ட ஒரு மனிதரை இருபத்தைந்து வருடமாக மனதில் வைத்திருந்தாள். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. இருந்தது, அவளைப் போலவே நாலு பேருக்குப் பயந்த ஒருவர்.

"டிவில நான் சொன்னதுக்குக் கோவமே வரலயா?"

"வந்துச்சி. ராத்திரி சோறு எறங்கல. உயிரோட இருக்கிறவன சாவடிச்சிட்டியேன்னு. ஆனா நானும்தான உன்னத் தெரியாதுன்னேன். உன்னக் கேக்க எனக்கு எந்த மூஞ்சி?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் முறைத்துப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபோது அவள் கண் நனைந்திருந்தது. அதை யாரும் பேச்சாக்கவில்லை.

நிகழ்ச்சி அடுத்த வாரம் வெளியானது. பொய்க்காரி என்று எழுதினவர்கள் இருந்தார்கள். தங்கள் வீட்டைப் பற்றித் தாங்களும் ஆபீசில் பொய் சொல்வதாக நாலைந்து பேர் எழுதினார்கள். அவள் எல்லாவற்றையும் படித்தாள். அன்றைக்கு இருபத்தொரு வயதுப் பெண்ணொருத்தி பயந்து போய்ப் பொய் சொல்லியிருக்கிறாள். பாட்டையும் அவள்தான் நன்றாகப் பாடியிருக்கிறாள். இரண்டும் ஒரே ஆள் என்பது இப்போது அவளை உறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோவிந்தராஜன் ஸ்டுடியோவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பாட்டு ஒண்ணு பாடேன். நான் முழுசா கேட்டதே இல்ல. டிவில வந்தா ஆப் பண்ணிடுவேன்."

"இப்ப அந்த சுருதி எட்டாது, நைனா."

"எட்டுற வரைக்கும் பாடு."

நாலு கட்டை இறக்கிப் பாடினாள். மெதுவாக, துணைக்கு வாத்தியம் இல்லாமல். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் கீது" என்றார் முடிந்ததும். "அர்த்தம் இன்னா?"

"பெருசா ஒண்ணும் இல்ல. பீச்சுக்குப் போலாம் வான்னு கூப்பிடுறா."

"அவ்ளோதானா? சரி, இன்னொண்ணு பாடு."