முத்திரை இல்லாத கல்யாணம்

நியூஜெர்சியில் கௌரவமான வீட்டுக் கல்யாணம் கவர்னர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டோடுதான் நடக்கும். கிறிஸ்தவக் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை கூறி, அதாவது மணமக்கள் பெயரைச் சபையில் அறிவித்து, கட்டிக்கொள்வதெல்லாம் வேலைக்காரர் வழக்கம். 1765 நவம்பரில், அந்தச் சீட்டுக்கு, நாட்டை ஆண்ட லண்டனுக்கு வரி கட்டி வாங்கும் முத்திரைத் தாள் வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. அந்தத் தாளைத் தொடுவதில்லை என்று ஊரே சபதம் எடுத்தது. மாவு மில்லுக்காரர் மகள் கெசையாவும், அவளைக் கட்டிக்கொள்ள இருந்த பீப்பாய்க்காரன் ஈனோக்கும்கூடத்தான்.

"ஓலையா? நம்ம சமையக்காரி கூட அப்படித்தான்டி கட்டிக்கிட்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அம்மா டார்கஸ். "ஒரு தாளு என்ன பெரிய விலை? உங்க சைலஸ் மாமாதான விக்கிறான்?"

"காசாம்மா விஷயம்? வரி போட்டவங்க கடலுக்கு அந்தப் பக்கம். அங்க நமக்காகப் பேச ஒரு ஆள் உண்டா? நம்மள ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

அப்பா மகள் பக்கம் சாய்ந்தார். இரண்டு ஓலை கூறியாயிற்று. இரண்டு முறையும் அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. மூன்றாவதும் தடையில்லாமல் முடிந்தால் வியாழக்கிழமை கல்யாணம். யாராவது ஆட்சேபித்து, அது நின்றுவிட்டால் கல்யாணமே இல்லை.

மூன்றாவது ஞாயிறு போதகர் பெயர்களைக் கூறி முடித்ததும் சைலஸ் எழுந்தார்.

"ஆட்சேபணை! முத்திரைத் தாள் இல்லாம இது செல்லாது."

"நான் வாயாலதான சொன்னேன், சைலஸ்? வாய்க்கும் வரி போட்டாச்சா?" என்றார் போதகர். கோயிலே சிரித்தது.

சைலஸின் முகம் சிவந்தது. அக்கா பக்கம் திரும்பினார். "இது வேலைக்காரிங்க கல்யாணம்னு நீயே சொன்னியேக்கா. பெத்தவ வேணாம்னா போதகர் ஐயா நிறுத்தித்தான் ஆகணும். சொல்லு!"

எல்லாத் தலைகளும் டார்கஸ் பக்கம் திரும்பின.

டார்கஸ் பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு நிதானமாக எழுந்தாள்.

"சொன்னேன், தப்புதான். என் சமையக்காரியும் ஓலை கூறித்தான் கட்டிக்கிட்டா, பொண்ணு பொறந்து மூணு வருஷமாச்சு, நல்லாத்தான் இருக்கா. ஏன்டா, என் பொண்ணு கல்யாணத்துக்கு லண்டன்ல இருக்கறவன் எதுக்குடா சரி சொல்லணும்? அவன் பொண்ணு கல்யாணத்துக்கு என்னைக் கேட்டானா?"

யாரோ ஆமோதித்துக் காலால் தரையைத் தட்டினார். மறுநொடி கோயில் முழுக்கக் காலோசை. சைலஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு நழுவினார்.

"வியாழக்கிழமை பன்றித்தொடை வறுவல் இருக்கு, சாப்பிட வந்துரு!" என்று அவர் முதுகுக்குப் பின்னால் கத்தினாள் அக்கா.

"தடை ஏதுமில்லை" என்றார் போதகர். அவர் மேடையிலிருந்து இறங்குவதற்குள், தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஓலை கூறச் சொல்லி மூன்று பணக்காரக் குடும்பங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டன. கெசையா ஊரறிய ஈனோக்கின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.