ஆடியில் வந்த எட்டு ஜிபி

ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக்குப் புதிதாக எந்தப் பொருளும் வரக் கூடாது. இது அப்பாவின் சட்டம். போன வருடம் ஆடியில் என் செருப்பு அறுந்தது. பதினொரு நாள் ஊக்குக் குத்திய செருப்போடு கல்லூரிக்குப் போனேன்.

இந்தச் சட்டத்தால் என் அக்கா கோகிலவாணிக்கு ஒரு லாபம் இருந்தது. ஆடியில் மாப்பிள்ளை வீட்டாரும் வர மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் பென்னாகரத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் கையில் ஒரு வேலை இருந்தால், இப்போது கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கும். வேலை இல்லாத பெண் அதையே சொன்னால் மாரண்டஹள்ளியில் அதற்குத் திமிர் என்று பெயர்.

அக்கா பி.காம். படித்தவள். ஓசூரில் ஒரு கம்பெனி ஆள் எடுப்பதற்காக, வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு வைத்தது. ஆடி ஒன்பது, காலை பத்து மணி, ஒன்றரை மணி நேரம். போனில் எழுதக் கூடாது. எட்டு ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். நடுவில் நின்றுபோனால் மறு வாய்ப்பு கிடையாது.

எங்களிடமும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அக்கா ஏழாவது படிக்கும்போது வாங்கியது. ரேம் இரண்டு ஜிபி. சுவிட்சைப் போட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால் பாஸ்வேர்ட் கேட்கும். அக்கா லேப்டாப் இரவல் கேட்டுப் பார்த்த இரண்டு தோழிகளும் அதே நேரத்தில் அதே தேர்வை எழுத இருந்தார்கள்.

அப்பா வாசலில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாங்கப்பா," என்றேன்.

"ஆவணி மொத நாளே வாங்கிக்கலாம்."

"பரிச்சை ஆடியிலங்கப்பா."

"ஆடியில பரிச்சை வெக்கறவன் என்னா கம்பெனிடா நடத்துவான்?"

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் இரண்டு தக்காளியைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா, போன வாரம் கெணத்து மோட்டாருக்கு காயில் கட்டுனீங்களே, அது புதுசு வாங்குனதா?"

"அது ரிப்பேரு."

"கம்பி புதுசுதான?"

"கம்பி புதுசு. மோட்டாரு பழசு."

"அப்ப நம்ம கம்ப்யூட்டருக்குள்ள ரேம் மாத்துனா?"

அப்பா ஒரு தக்காளியை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"வெளிய தெரியுமா?"

"தெரியாதுங்கப்பா."

"டப்பா மாறக் கூடாது. பாத்துக்க."

ஆக, ஒரு பொருள் என்பது அதன் டப்பாதான் என்று முடிவானது. வெளியில் தெரியாமல் உள்ளே மட்டும் மாறிக்கொள்ளலாம் என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் புதிய விதி இல்லை. கம்ப்யூட்டருக்குத்தான் புதிது.

பாலக்கோட்டில் ரேமும், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்.எஸ்.டி.யும் வாங்கி வந்தேன். தேர்வுக்கு வேண்டிய வெப்கேம் டப்பாவுக்கு வெளியே நிற்கிற சாமான் என்பதால் அது மட்டும் இரவல். நான் மூன்று வருடமாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். கம்ப்யூட்டரின் உள்பக்கத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். இருபதே நொடியில் திரை வந்துவிட்டது.

"என்னாத்துக்கு அதுக்கு இவ்ளோ அவசரம்?" என்றாள் அம்மா.

இருபத்தைந்தாவது நிமிடம் அணைந்தது. மறுபடி போட்டோம், மறுபடி அணைந்தது. முன்பெல்லாம் அப்படி அணைந்தால் வயதாகிவிட்டது என்று சொல்லி எழுந்து போய்விடுவோம். இப்போது விடிந்தால் தேர்வு.

"வுடுடா நவநீதா," என்று அக்கா நோட்டை மூடினாள். "பென்னாகரத்துக்காரங்க வர்றப்ப எந்தப் பொடவ கட்டறதுன்னு அம்மாவைக் கேளு."

அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டப்பாவின் மேல் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது. அப்போதுதான் பக்கவாட்டைப் பார்த்தேன். அங்கே காற்று போகிற ஓட்டைகள் இருக்க வேண்டும். இருந்தது சந்தனம்.

அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பொட்டு வைப்பாள். ஓட்டை உள்ள இடத்தில் சந்தனம் நன்றாகப் பிடிக்கும். பதினொரு வருட வெள்ளிக்கிழமைகள் அடுக்கடுக்காக இறுகியிருந்தன. பின்னால் ஃபேனுக்குள் திருநீறும் ஒட்டடையும் சேர்ந்து களியாகிக் கிடந்தன. எட்டு ஜிபி போட்டும், மூச்சு விட வழியில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காதான் சொன்னாள். அம்மா வந்து டப்பாவின் முன்னால் நின்றாள்.

"நாந்தான் அடைச்சனா?"

"தெரியாமதானம்மா."

"நீ நல்லா படிக்கோணும்னுதான் பொட்டு வெச்சேன் கண்ணு."

பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள். பழைய டூத் பிரஷும் ஒரு கை ஈர்க்குச்சியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்களைத் தொட விடவில்லை. ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி, ஊதி, டார்ச் அடித்துப் பார்த்து அடுத்ததற்குப் போனாள். ஃபேனின் இறக்கைகளைக் குழந்தைக்குக் காது துடைப்பதுபோலத் துடைத்தாள். எல்லாம் முடிந்ததும் பழக்கத்தில் விரல் குங்குமத்துக்குப் போனது. போன விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் தேர்வறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். சாத்திய கதவுக்கு வெளியே நாங்கள் மூன்று பேரும் நின்று, உள்ளே ஃபேன் சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றரை மணி நேரமும் அது நிற்கவில்லை. ஆடி கடைசி வாரத்தில் மெயில் வந்தது. ஆவணி ஐந்தில் வேலைக்குச் சேர வேண்டும்.

ஆவணி முதல் தேதி காலை பென்னாகரத்திலிருந்து போன் வந்தது. அப்பா பேசிக்கொண்டே வந்து, போனைக் கையால் பொத்தி, அக்காவைப் பார்த்தார். பதில் சொல்வதற்கு முன் அவர் அக்காவைப் பார்த்து நான் கண்டதில்லை.

"ஞாயித்துக்கெழம வரட்டுமான்னு கேக்கறாங்க."

"வேணாங்கப்பா. நான் வேலைக்குப் போறேன்."

"அவங்க தப்பா நெனப்பாங்க."

"நெனைக்கட்டுங்கப்பா."

அப்பா கையை எடுத்தார். "இல்லீங்க... பொண்ணு வேலைக்குப் போவுதுங்க. தேதிய தள்ளிப்போடலீங்க, இப்ப கல்யாணமே வேணாங்க. ஆமாங்க, அதுதான் சொல்லுது."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஓசூருக்கு மொத பஸ்சு எத்தனை மணிக்குடா?"