பத்து எண்ணும் வரை

என் மகள் தரணிக்கு இரண்டரை வயது இருக்கும்போது, அங்கன்வாடிக்கு வந்த கவர்மெண்ட் டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நடை தள்ளாடுகிறது, பேச்சு வரவில்லை, திருப்பதியில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சென்டர் இருக்கிறது, கூட்டிப் போங்கள் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் பிள்ளைக்கு என்ன குறை? சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு சட்டையோடு சேர்த்து அதையும் துவைத்துப் போட்டேன்.

அங்கன்வாடி டீச்சர் விடுகிற ஆளில்லை. இன்னொரு சீட்டு வாங்கிக்கொண்டு தறிக் கொட்டகைக்கே வந்துவிட்டார். உள்ளே நுழைந்து ஏதோ கத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் கொட்டகையில் யாருக்கும் எதுவும் கேட்காது. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் வேதாச்சலம் முதலாளியிடம் நான் பவர்லூம் ஓட்டுகிறேன். எட்டுத் தறி ஒன்றாக ஓடும்போது காதோடு வந்து கத்தினாலும் பிரயோஜனமில்லை. அதனால் எங்களுக்குள் எல்லாமே கை ஜாடைதான். நூல் அறுந்தால் ஒரு ஜாடை, டீ வந்தால் ஒரு ஜாடை, முதலாளி வந்தால் மீசையை முறுக்குவது. நாலு விரலையும் உள்பக்கமாக மடக்கினால் இங்கே வா என்று அர்த்தம்.

என் மனைவி தாட்சாயணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது தரணிக்குப் பத்து மாதம். சூரத்துச் சேலை மலிவாக வந்து குவிந்ததில் எங்கள் தறி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. அதனால்தான் அவள் போனாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. குழந்தையைக் கொட்டகைக்குத் தூக்கி வந்து, நூல் கோன் வருகிற அட்டைப் பெட்டிக்குள் துணி விரித்து உட்கார வைத்தேன். அவளும் எங்கள் ஜாடையைக் கற்றுக்கொண்டாள். கட்டை விரல் வாய்க்குப் போனால் தண்ணீர், வயிற்றைத் தட்டினால் பசி. போகப் போக விரலும் தேவைப்படவில்லை. அவள் புருவம் சுருங்கினாலே எனக்குத் தெரிந்துவிடும். கொட்டகையில் எல்லாரும் மெச்சினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையோடுதான், டீச்சர் கொடுத்த சீட்டையும் எடுத்துக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை புத்தூர் வழியாகத் திருப்பதி பஸ் ஏறினேன்.

சென்டரில் தரையெல்லாம் ரப்பர் பாய். மூன்று படி வைத்த மர ஏணி, கலர் வளையங்கள், பெரிய சிவப்புப் பந்து. பத்மினி மேடம் என்பவர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். சித்தூர்க்காரர், தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். தரணியின் காதைச் சோதித்தார்கள், நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் மேடம் ஒன்றும் செய்யாமல் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சம்பத் காரு, பாப்பா இப்போ என்னா கேட்டுச்சு?"

"தண்ணி."

"எப்படி கேட்டுச்சு?"

கட்டை விரலைக் காட்டினேன்.

"சரி. அப்புறம் பிஸ்கட் குடுத்தீங்களே?"

"அது கேக்கல மேடம். பசிச்சினு இருக்கும்னு நானே குடுத்தேன்."

மேடம் சிரித்துவிட்டார். "பயப்படாதீங்க. வளர்ச்சி கொஞ்சம் லேட்டு, அது நிஜம். சின்ன லேட்டுதான், இந்த வயசுலயே பிடிச்சா நல்லா முன்னுக்கு வருவா. ஆனா வாயத் தொறக்கணும்னு அவளுக்கு என்னா அவசரம்? கேக்கறதுக்கு முந்தி எல்லாம் கைக்கு வந்துடுது!"

எனக்குச் சுருக்கென்றது. "அம்மா பக்கத்துல இல்லாத புள்ள மேடம். அதப் போயி கேக்க வுடணுமா?"

"விடுங்க. கேக்கறது கெட்ட விஷயம் இல்லையே. கை ஜாடை இருந்துட்டுப் போகட்டும், அதோட சத்தமும் வரணும். பொருளக் காட்டுங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. ஏதோ ஒரு சத்தம் வந்தா போதும், அந்த நிமிஷமே குடுத்துடணும். கேட்டும் கிடைக்கலன்னா அப்புறம் கேக்கவே மாட்டா."

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. வீட்டில் வாழைப்பழத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. தரணி கட்டை விரலைக் காட்டினாள், வயிற்றைத் தட்டினாள், அப்புறம் உதடு பிதுங்கியது. நாலுக்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. பழத்தைக் கொடுத்துவிட்டு மீதி ஆறையும் சும்மா எண்ணி முடித்தேன்.

ஆனால் வியாழன் தவறாமல் போனோம். ஆறாவது வாரம் நான் ஒன்பது வரை தாக்குப் பிடித்தேன். தரணி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தா" என்றாள். அன்றைக்கு ஒரு சீப்புப் பழத்தையும் அவள் மடியில் கொட்டினேன். அடுத்து மேடம் பந்து விளையாட்டு வைத்தார். பாயில் காலை அகட்டி உட்கார வேண்டும், எதிரே மேடம் பந்தோடு உட்கார்ந்திருப்பார். தரணி "வா" என்று சொன்னால்தான் பந்து உருண்டு வரும். சொல்லச் சொல்ல வந்தது. அவளுக்கு ஒரே சிரிப்பு. அவ்வளவு சிரிப்பு அவளுக்குள் இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது.

தாட்சாயணி வெள்ளிக்கிழமை பகலில் இமோ வீடியோ காலில் கூப்பிடுவாள். அந்த வீட்டுக்காரர்கள் வெளியே போயிருக்கும் நேரம், கால் மணி கிடைக்கும். "தரணி, அம்மா பாரு, துன்னியா கண்ணு, இன்னா துன்ன, சோறா, அம்மா சொல்லு, அம்மா..." என்று கேள்வியும் அவளே, பதிலும் அவளே. தரணி ஃபோன் உறையைக் கடித்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பாள். சில நாள் அவளிடம் விட்டுப் போன அந்த வீட்டுக் குழந்தை வந்து தாட்சாயணியின் மடியில் ஏறிக்கொண்டு அரபியில் ஏதோ கேட்கும். அவள் சட்டென்று அதற்குப் பதில் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் குழந்தை மேல் என்ன தப்பு?

மேடம் சொன்ன பாடத்தை அவளிடமும் சொன்னேன். நீயும் பேசாமல் இரு, பத்து எண்ணு என்றேன்.

"வாரம் பூரா இங்க பேச ஆள் இல்லாம கெடக்கறேன் மாமா. இந்த கால் மணி நேரத்துக்கும் வாயப் பொத்திக்கினு இருக்கணுமா?" என்றாள்.



ஆனி மாதத்தில்தான் அந்தச் சண்டை வந்தது. ஆவணியோடு அவளுடைய இரண்டு வருடம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி அந்த வீட்டு அம்மா கேட்டிருக்கிறாள்.

"நான் போடல மாமா. ஆவணியில வந்துடறேன். நான் பக்கத்துல இருந்தாதான் புள்ள சரியாவா."

நல்ல வார்த்தைதான். இரண்டு வருடமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. அவள் சேலை மடித்து வைத்த பீரோ தட்டில் இன்றுவரை நான் ஒரு கைக்குட்டை கூட வைத்ததில்லை. வாடி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் நான் பிள்ளையைச் சரியாக வளர்க்கவில்லை என்று சொல்கிறாள் என்றே என் காதில் விழுந்தது. ஏணியில் ஏற்றி இறக்கி, பஸ்ஸில் தூக்கி அலைந்ததெல்லாம் ஒன்றுமில்லையா?

"அப்போ நான் பாத்துக்கினது சரியில்ல, அதான?"

"நான் அப்டியா சொன்னேன்?"

"வேற இன்னா? உன்ன ஒரு நாளாவது கேட்டாளா அவ? தேடினாளா? நீ யாருன்னே அவளுக்குத் தெரியாது. இங்க தறியும் ஓடல. வந்து இன்னா பண்ணப் போற? போட்டுடு கையெழுத்த."

வீட்டு அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லி, தாட்சாயணி ஃபோனை வைத்துவிட்டாள். அது பொய். அந்த வீட்டில் அப்போது யாரும் இல்லை. திரும்பக் கூப்பிட்டு ஆவணியில் வந்துவிடு என்று சொல்ல வாரம் முழுக்க ஃபோனை எடுத்தேன், வைத்தேன். பேச்சு வராதவர்களைத் திருப்பதிக்கு அனுப்புவதென்றால் முதல் சீட்டை என் பெயருக்கு எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள். கண் வீங்கியிருந்தது. "ஃபோன அவ முன்னாடி வை மாமா" என்றாள். சுவரோரம் சாய்த்து வைத்தேன். தரணி எதிரே உட்கார்ந்தாள்.

தாட்சாயணி பேசவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு மகளைப் பார்த்தபடி இருந்தாள். அவள் எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. நானும் கூடவே எண்ணினேன். ஐந்து. ஆறு. தரணி ஃபோனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி ஃபோனைப் பார்த்தாள். இத்தனை நாளும் சத்தம் போட்ட ஆள் இன்று ஏன் சும்மா இருக்கிறாள் என்று நினைத்தாளோ என்னவோ. எட்டு. ஒன்பது. தரணி காலை அகட்டி உட்கார்ந்தாள். நாலு விரலையும் உள்பக்கமாக மடக்கினாள்.

"வா" என்றாள்.

தாட்சாயணி தலைத்துணியை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

"வா. ம்மா, வா."

நான் கைதட்டினேன், கத்தினேன், பைத்தியக்காரன் மாதிரி சிரித்தேன். "கேட்டுட்டா தாட்சாயணி! உன்னக் கேட்டுட்டா! வந்துடுடி, ஆவணியில வந்துடு!"

அவள் துணியை வாயிலிருந்து எடுத்தாள்.

"நேத்தே போட்டுட்டேன் மாமா" என்றாள். "அவ கேக்கலன்னு நீதான சொன்ன."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். ஃபோன் இருண்டது.

நான் வாழைப்பழம் எடுத்து வந்தேன். தரணி வாங்கவில்லை. புத்தூரில் அவளுக்காக வாங்கிய சிவப்புப் பந்தை உருட்டி விட்டேன். அதைக் காலால் தள்ளிவிட்டாள். கேட்ட நிமிஷமே கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அப்புறம் கேட்கவே மாட்டாள். மேடம் சொன்னது எனக்கு மனப்பாடம்.

தரணி அகட்டிய காலை மடக்கவே இல்லை. இருண்டு போன ஃபோனைப் பார்த்து இன்னொரு தரம் "வா" என்றாள். பிறகு சத்தமில்லாமல் காத்திருந்தாள். அப்படிக் காத்திருக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.