இடப்பக்கம்

என் வேலையில் குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. வெள்ளைத்துரை அண்ணாச்சி நாலாவது தடவையாக விருதுநகரில் என் கடைப் படியேறியபோது சுள்ளென்று கோபம் வந்தது.

"எழிலு, இடப்பக்கம் இன்னும் மந்தமாத்தான் இருக்கு தாயி."

ஹெட்போனில் கேட்பதற்கு, பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் செய்து விற்பது என் பிழைப்பு. அண்ணாச்சிக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. லோடு ஏறுமுன் ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு வெடியை அவரே பற்றவைத்துப் பார்ப்பார். வலக்கையில் ஊதுபத்தி, திரி பற்றியதும் முகத்தை மட்டும் வலப்பக்கம் திருப்பிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். முப்பது வருடப் பழக்கம். "மருந்து சரியான்னு மெஷினா சொல்லும்? என் காது சொல்லும்" என்று என்னிடமே பீற்றிக்கொண்டிருக்கிறார்.

போன ஆவணியில் அவர் மனைவி பொன்னுத்தங்கம் மாரடைப்பில் போய்விட்டார்கள். அதற்குச் சில மாதம் முன்பு, இருக்கன்குடிக்குக் காரில் போகும்போது, மகள் ஆர்த்தி விளையாட்டாக அம்மா சேலையில் ஒரு மைக்கும் அப்பா சட்டையில் ஒரு மைக்கும் குத்திப் பேச்சைப் பதிந்திருக்கிறாள். கேட்கும்போது அம்மா குரல் இடப்பக்கம் வரும், அப்பா குரல் வலப்பக்கம். அந்த அம்மாவின் குரல் என்று மிச்சமிருப்பது அந்த நாற்பது நிமிடம்தான். அதை நன்றாகக் கேட்க வேண்டும் என்றுதான் என்னிடம் வந்தார்.

முதலில் கொண்டுவந்தது விலை கூடின ஹெட்போன்தான், ஆனால் அதன் மின்தடை முப்பத்திரண்டு ஓம்தான். என் ஆம்ப்ளிஃபயருக்கு அது ஒத்துவராது, இரைச்சல்தான் வரும். முந்நூறு ஓமில் வாங்க வைத்தேன். இரண்டும் அப்படிப் பொருந்தின. அந்த அம்மா மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. அவர் மட்டும், "நான் பேசுறது நல்லாக் கேக்கு. அவ பேசுறதுதான் எங்கனயோ தூரத்துல இருக்கு" என்றார். வால்வுகளை இடம் மாற்றினேன். புது வால்வு போட்டேன். கம்பியை மாற்றினேன். குறை இடப்பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

அன்று பொறுமை போய்விட்டது. ஹெட்போனை வலது இடதாகத் திருப்பி அவர் தலையில் மாட்டினேன்.

"கருவியில குறைன்னா இப்ப வலது காதுல மந்தமாக் கேக்கணும். எந்தக் காதுலன்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கேட்டார். முகம் மாறியது.

"வலது காதுல அவதான் பேசுறா. பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு." இடது காதைத் தொட்டார். "இடது காதுலதான் தாயி, இப்ப என் பேச்சு எங்கனயோ தூரத்துல இருக்கு."

என் ஆம்ப்ளிஃபயர் ஜெயித்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. இதை இதமாகச் சொல்லியிருக்கலாம், பாவி நான்.

அவர் போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பார். முப்பது வருட வெடியில் இடது காது போனது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

"காருல எனக்கு இடப்பக்கந்தான உக்காருவா" என்றார். "கடைசி நாலஞ்சு வருசமா பேசுறதையே கொறச்சிட்டா. வயசாயிருச்சு, அதான்னு நெனச்சேன்."

ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் அந்த அம்மா பேசுவது வெளியே எனக்கும் கேட்டது.

"ஏங்க, அணையில தண்ணி நெறஞ்சிருக்காம். திரும்புறப்ப பாத்துட்டுப் போவோமா?"

சற்று இடைவெளி. மறுபக்கத்தில் அண்ணாச்சி குரல் தீபாவளி ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"ஏங்க, கேக்கீகளா?"

மறுபடி இடைவெளி.

"சரி, விடுங்க."

அந்த இடத்திலேயே நிறுத்தினார். எனக்குத் தெரிந்தது என் தொழில் ஒன்றுதான். தெரிந்தது என் தொழில் ஒன்றுதான்.

"அண்ணாச்சி, ரெண்டு குரலும் சேந்து வலது காதுக்கே வர்ற மாதிரி மாத்தித் தாரேன்."

"என் பேச்சு எதுக்குத் தாயி? அம்புட்டு வருசமும் அதத்தான கேட்டுக்கிட்டிருந்தேன்."

திருப்பி மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே, அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டார்.

"பாத்துட்டுப் போவோமா?"

"போவோம்" என்றார் அண்ணாச்சி.

"ஏங்க, கேக்கீகளா?"

"கேக்கேன் தங்கம். போவோம்."

"சரி, விடுங்க" என்றது குரல். அவர் திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டார். இந்தத் தடவை அந்த அம்மா கேட்டு முடிப்பதற்கு முன்னாலேயே பதில் சொன்னார்.